சாக்கு

கனகாவுக்குத் தன் வலது கட்டைவிரல் மேல் திடீரென்று பெருமை வந்துவிட்டது. தலை முழுக்க ஒட்டிய ஒயர்களுக்கு மேலே ஒரு கம்பிச்சுருள் வளையத்தை வைத்து, டாக்டர் வைஷாலி ‘டக்’கென்று ஒரு காந்தத் துடிப்பு கொடுத்தால் விரல் துள்ளுகிறது. இறுக்கிப் பிடித்தாலும் துள்ளுகிறது!

“ஏனுங்க, பாத்தீங்களா? நானா ஆட்டலீங்க!” என்று கணவனிடம் கத்தினாள்.

கணேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தியூரிலிருந்து கர்நாடகத்து ஹனூருக்கு வாக்கப்பட்டு வந்த ஆறாம் மாதத்திலிருந்து அவளுக்குக் கைகால் வெட்டி இழுக்கிறது. வலிப்பு மாத்திரைக்கும் அடங்கவில்லை. மாமியார் பாப்பாயி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “சோளம் ஒடிக்கச் சொன்னா அதுக்கொரு சாக்கு.” கணேசனும் தலையாட்டினான் பாருங்கள், அதுதான் கனகாவுக்கு ஆறவே இல்லை. மைசூர் டாக்டர் உண்மையைச் சொல்லட்டும் என்று பஸ் ஏறிவிட்டாள்.

“மூளை எவ்வளவு லேசா உசுப்பேறுதுன்னு இதுல அளக்கறோம். ஆனா இது ஒண்ணே முடிவு சொல்லாது. தலையில இருக்கற ஒயர் மூளை அலையைப் பதியறப்பவே, கேமரா முன்னால ஒரு தடவை இழுப்பு வரணும்,” என்றாள் வைஷாலி.

மூன்று நாளாக அந்தப் பாழாய்ப்போன இழுப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வைஷாலி விசையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். விரல் அரைகுறையாக ஆடியது, பிறகு நின்றது. திரையைப் பார்த்த டெக்னீசியன் சுலோசனா கன்னடத்தில் சொன்னாள்: “மேடம், சாக்கு.”

போதும் என்றுதான் அர்த்தம். ஹனூர்க் கடைத்தெருவில் கனகா தினம் கேட்கிற சொல்தான். ஆனால் நொந்த காதில் தமிழ்தான் விழுந்தது.

“நீங்களும் சாக்குன்னா சொல்றீங்க?” என்று எழுந்தவளுக்குக் கண் இறுக மூடிக்கொண்டது. கைகால் வெட்ட ஆரம்பித்தது.

“பிடிங்க, பிடிங்க! வந்துடுச்சு! எல்லாம் பதிவாகுது!” எங்கோ தூரத்தில் வைஷாலியின் குரல் கேட்டது.

தெளிந்தபோது வைஷாலியின் முகம் மலர்ந்திருந்தது. “உடம்பு அத்தனை வெட்டியும் மூளை அலை மாறவே இல்ல கனகா. விரல் கணக்கும் அதோட ஒத்துப்போகுது. உங்களுக்கு வலிப்பு நோய் இல்ல! மனசு தாங்காதத உடம்பு காட்டுது. அதுக்குத் தனி வைத்தியம் இருக்கு. மாத்திரைய மெல்ல நிறுத்திடலாம்.”

“அப்ப நடிப்புதானுங்களே?” என்றான் கணேசன்.

“இல்லீங்க. அந்த விரல அவங்களால நிறுத்த முடிஞ்சுதா? இழுப்பும் அப்படித்தான், அவங்க கையில இல்ல.”

கனகாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கணேசன் விடவில்லை. “இருந்தாலும் எங்கம்மா சொன்னாப்பல...”

கனகா அவனை நேராகப் பார்த்தாள்.

“சாக்கு,” என்றாள், கன்னடத்தில்.