எண்பத்திரண்டு கிலோ சாந்தரூபன்

பிரான்காச்சோ கராஜில் என் வேலை ஒரு பந்தயக் காரைக் கோணலாக்குவது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பொறியியல் படித்து, ஆறு மாதம் சம்பளமில்லாத பயிற்சியில் நின்று, அடைந்த உயரம் அது.

கார் ஓடப்போவது ஹொலண்டில், முட்டை வடிவப் பாதையில். வளைவுகள் கிண்ணத்தின் ஓரம்போலச் சரிந்திருக்கும், திரும்புவதெல்லாம் இடப்பக்கம். ஆகவே வலப்பக்க ஸ்பிரிங்குகள் இறுக்கம், இடப்பக்கம் இளக்கம். முன்சில்லுகள் இரண்டின் தலையும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கராஜில் நிற்கும்போது குடித்துவிட்டு நிற்பதுபோலத்தான் தெரியும்.

முதலாளி சால்வோ மலைப்பாதைகளில் ஓட்டிப் பழகியவர். கோணல் அவருக்குப் பிடிக்காது.

"இண்டைக்கு எடை சரிவந்தா ஒப்பந்தம். இல்லாட்டி எல்லாத்தையும் நேராக்கிப்போட்டு வீட்டை போ" என்றார்.

என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, அடுத்த மாதம் முடிகிறது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் பட்டத்தையா நீட்டுவது?

நான்கு சில்லுக்கும் கீழே நான்கு தராசு. ஓட்டுகிறவர் உள்ளே இருக்கவேண்டும். ஓட்டப்போகும் முதலாளி மகன் ருஜ்ஜேரோ கடலில் குளிக்கப் போயிருந்தான். அவன் எண்பத்திரண்டு கிலோ. முதலாளி வீட்டைத் துப்புரவாக்கும் என் அப்பா சாந்தரூபனும் எண்பத்திரண்டு. மண்மூட்டை வைத்தாலும் போதும்தான். ஆனால் மூட்டையைத் தூக்க ஆள் வேண்டும். அப்பா தானாக நடந்து வருவார்.

வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறினார்.

நான் வலப்பக்கம் குந்தியிருந்து திரையைப் பார்த்தேன். வெறும் காரின் எடை எனக்குத் தெரியும். கழித்துப் பார்த்தால் அப்பா அறுபது கிலோ. கொஞ்சம் பொறுத்து எழுபது. முதலாளி கிட்ட வந்தால் ஐம்பத்தைந்து.

"உன்ரை கணக்கும் காரைப்போலத்தான் நிக்குது" என்றார் முதலாளி.

எழுந்து சுற்றிப் போனேன். அப்பா இருக்கையின் நுனியில் இருந்தார். கதவு திறந்திருந்தது. ஒரு கால் வெளியே, நிலத்தில் ஊன்றியிருந்தது.

"அப்பா, காலை உள்ளை வைச்சு நல்லாச் சாய்ஞ்சு இருங்கோ."

"முதலாளி நிக்கிறாரெல்லே, பிள்ளை."

"நிண்டா?"

"அவர் நிக்கேக்கை நான் சாய்ஞ்சு இருக்கிறதோ? ஒரு மரியாதை வேண்டாமோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியிடம் போய், "சிஞ்ஞோரே, நீங்கள் வெளியிலை போகவேணும். நீங்கள் நிண்டா என்ரை அப்பா தன்ரை முழு எடைக்கு இருக்கமாட்டார்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு கோப்பி குடிக்கப் போனார். அப்பா காலை உள்ளே எடுத்தார். எண்பத்திரண்டு. ஸ்பிரிங் நட்டுகளை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்பினேன். வலது முன்சில்லும் இடது பின்சில்லும் சேர்ந்து தாங்கும் பங்கு ஐம்பத்துமூன்று வீதத்தில் வந்து நின்றது. அதுதான் எனக்குத் தேவை. படம் எடுத்துக்கொண்டேன்.

முதலாளி திரும்பிவந்து படத்தைப் பார்த்தார். சொன்ன சொல் தவறவில்லை; ஒப்பந்தத்தை நீட்டினார். வேலை: துப்புரவுப் பணியாளர்.

"கணக்காளர் உங்கடை ஆக்களுக்கு அப்பிடித்தான் போடுறவர்."

"போடு பிள்ளை கையெழுத்தை" என்றார் அப்பா. "என்ன எழுதினா என்ன, பெர்மெஸ்ஸோ கிடைச்சாச் சரிதானே."

"பதினாலு வருசமா இதைத்தான் சொல்லுறியள்."

காரை ஏற்ற லொறி வாசலில் வந்து நின்றது. லொறி ஏறவேண்டிய கப்பலுக்கு இரண்டு மணிநேரம்தான் இருந்தது. ஸ்பிரிங் நட்டுகளை நான் இன்னும் இறுக்கிப் பூட்டவில்லை; பூட்டாமல் ஏற்றினால் குலுங்கி அளவு மாறிவிடும். எத்தனை சுற்று என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அந்தச் சொல்லை மாத்துங்கோ, சிஞ்ஞோரே. பிறகு பூட்டுறன்."

அப்பா நிலத்தைப் பார்த்தார். முதலாளி லொறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணக்காளருக்குப் போன் எடுத்தார். புதுக் கடுதாசி வந்தது: மெக்கானிக், கடைநிலை.

"பொறியியலாளர் எண்டு உனக்குப் போட்டா, இப்ப அந்தப் பேரிலை இருக்கிற ருஜ்ஜேரோவுக்கு என்னெண்டு போடுறது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருந்தது: எண்பத்திரண்டு கிலோ மண்மூட்டை. பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தபிறகு சொல்லலாம் என்று, குனிந்து முதல் நட்டைப் பூட்டினேன்.