சமையலறைச் சுவரின் அடிப் படம்

அரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டான் கட்டடத்தை இடிக்க வந்த கான்ட்ராக்டர். பல் டாக்டர் கையில் சுரண்டியோடு சமையலறைச் சுவர் முன்னால் நின்றாள்.

அவள் வளர்ந்த இடம். வேலையை உதறியவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள், பாட்டுக்காரர்கள், நாடகக்காரர்கள் என்று ஒரு பட்டாளமே இந்தப் பாழடைந்த அச்சகத்தில் குடியேறி ஒரே அடுப்பில் பொங்கித் தின்றது. தெருக்காரர்கள் வைத்த பெயர் பைத்தியக்காரக் கூடாரம். கதவுக்குப் பூட்டு கிடையாது, கேமரா ஆகவே ஆகாது. சட்டம் ஒன்றே ஒன்றுதான். விட்டுப் போகிறவர் இந்தச் சுவர் முழுக்க ஒரு படம் வரைய வேண்டும். அடுத்துப் போகிறவர் அதன் மேலேயே வரைவார். எதையும் கட்டிக்கொண்டு அழக் கூடாதாம்.

அம்மா வரைந்தபோது இவளுக்கு ஆறு வயது. வரைந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் போனவள்தான். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. தன்னை நினைத்தாளா, இல்லையா? விடை இருந்தால் இந்தச் சுவரில்தான், எத்தனையோ படங்களுக்கு அடியில்.

"சுரண்டினா அம்மாவோடதும் சேர்ந்துல்ல போயிடும், மாமா?"

கூட வந்திருந்த தாடி மாமா வழவழ மோவாயைத் தடவினார். தாடி போய் வெகுகாலமாகியும் பெயர் போகவில்லை. அம்மாவுக்கு அடுத்து வரைந்தவர் அவர்தான்.

"போகாதும்மா. அது மேல மெழுகுவத்தியத் தேய் தேய்னு தேய்ச்சுட்டுதான் பெயின்ட்டையே தொட்டேன். சட்டம் போட்டவனே நான். வெளிய சொல்ல முடியுமா?"

சுரண்டியை வாங்கி மேல் விளிம்பில் நுழைத்து நெம்பினார். முதலில் ஒரு கீற்று. பிறகு அவர் படம் உட்பட அத்தனை பேர் படங்களும் ஒரே போர்வையாகச் சரிந்து தரையில் சுருண்டன.



சுவருக்குள் இதே சமையலறை. நீள மேஜையைச் சுற்றிப் பட்டாளம் முழுவதும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு குழந்தை. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். எல்லாம் ஒரே குழந்தை. அதே கோணல் வகிடு, அதே விழுந்த முன்பல். புல்லாங்குழல்காரர் மடியில் தூங்கி வழிகிறாள். மாமா மடியில் தாடியைப் பிடித்து இழுக்கிறாள்.

"எங்க எல்லார் மடியிலயும் உன்ன உக்கார வச்சுட்டுல்ல போயிருக்கா," என்றார் மாமா, கோயிலுக்குள் பேசுவதுபோல.

அம்மாவை மட்டும் காணோம். அவள் மூலை மூலையாகத் தேடினாள். அப்புறம்தான் கவனித்தாள், விழித்திருந்த குழந்தைகள் எல்லாம் படத்துக்கு வெளியே ஒரே இடத்தைப் பார்த்துச் சிரித்தன.

அவள் மெல்லப் பின்வாங்கி, அந்தப் பார்வைகள் வந்து சேரும் இடத்தில் நின்றாள்.