ஏழாவது விமானம்

ஆறு விமானங்கள் இறங்கிவிட்டன. ஏழாவது வரவில்லை.

சவுரியம்மாள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். விடிகிற நேரத்து ஓடுபாதை. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வானத்தைத் தேடும் அதிகாரி. உள்ளே நீளமான மேஜையில் ஏழு தட்டுகள். யாரோ ஒருவன் வந்து ஒரு தட்டை மட்டும் கவிழ்த்து வைத்தான். இசை எழும்பியது. எழுத்துகள் ஓடின.

"முடிஞ்சிதும்மா," என்றாள் மகள் இசைவாணி.

"எங்க முடிஞ்சிது? இன்னும் ஒண்ணு வரணும்."

"வராதும்மா. அது கடல்ல விழுந்துடுச்சே, பாத்தியே."

"விழுந்துச்சி. அப்புறம் வந்துடுவான். எறங்கி தொப்பிய மேல தூக்கிப் போட்டுப் புடிப்பான். எல்லாரும் உக்காந்து முட்டை தின்னுவாங்க."

"அது நடுவுலயே வந்து போச்சும்மா. ஒத்திகைக்குப் போய்ட்டு திரும்புவாங்களே, அங்க. நீகூட, இன்னாடி இப்பயே வந்துடுச்சின்னு கேட்ட."

கேட்டது உண்மைதான். மறுபடியும் கடைசியில் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

"இது வேற படம்," என்றாள்.

வேறு படம் இல்லை. எதிரி நாட்டு மலை இடுக்கில் ஓர் ஆயுதத் தொழிற்சாலை. மர உச்சியை உரசுகிற உயரத்தில் பறந்துபோய்க் குண்டு போட வேண்டும். போகிறவன் திரும்புவது நிச்சயமில்லை. சிரித்த முகமாய் அந்தச் சின்னப் பையன், காது நீண்ட அந்த அதிகாரி, எல்லாம் அதே ஆட்கள்தான். அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று இசைவாணிதான் எங்கெங்கோ தேடி அப்பாவின் படத்தைக் கண்டுபிடித்துப் போட்டிருந்தாள்.

அப்பாவின் படம் என்றுதான் அந்த வீட்டில் அதற்குப் பெயர். கல்யாணமான புதிதில், விழுப்புரத்தில் மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த இருதயராஜ், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்குப் புதுப் பெண்டாட்டியை அழைத்துப் போனார். இங்கிலீஷ் படம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கடலில் விழுந்தவன் கடைசியில் திரும்பி வந்து இறங்கியபோது கொட்டாயே எழுந்து நின்று விசிலடித்தது. சவுரியம்மாளும் கைதட்டினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

திண்டிவனத்தில் மின்வாரிய லைன்மேன் வேலை அவருக்கு. புயலடித்துக் கம்பி அறுந்து கிடக்கும்போதெல்லாம் ஏறப் போகிறவர் அவர்தான். அவள் வாசலில் நின்றால் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "ஏழும் வந்துடும் சவுரி." நனைந்து திரும்பி வந்ததும் மஞ்சள் ஹெல்மெட்டை மேலே எறிந்து பிடிப்பார். அதுதான் கணக்கு.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனபோது அவர் வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதனால் அவள் குனிந்து சொன்னாள்: "ஏழும் வந்துச்சி இல்ல. நெனப்புல வெச்சிக்கோங்க." அவர் அவளைப் பார்த்தார். சிரித்தார். தலையாட்டினார். கதவு மூடிக்கொண்டது.

"அப்போ வராத ஒண்ண வந்துச்சின்னு சொல்லியா நான் அவர உள்ள அனுப்பினேன்?" என்றாள் இப்போது.

"நீ தெரிஞ்சா சொன்ன? விடும்மா. ஒரு படம் அது."

விட முடியவில்லை. கனவு கண்டேனா என்று யோசித்தாள். ஒருத்தி கனவு காணலாம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கனவைக் கண்டு, வாழ்நாள் பூராவும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார்களா? அந்த விசில்? அந்தக் கைதட்டல்?

மறுநாள் காலையில் விழுப்புரம் பஸ் ஏறினாள். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். ஆனால் அதில் வேலை பார்த்த பிரான்சிஸ் இருக்கிறார். இருதயராஜின் பழைய சிநேகிதர். அடக்கத்தன்று குழியோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதவர். ரயில் நிலையத்துப் பக்கம் மைக் செட் கடை வைத்திருக்கிறார்.

கடையில் ஒயர் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்து, ஸ்டூலைத் துண்டால் தட்டினார்.

"வாங்க அண்ணி. ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே. உக்காருங்க. அமாவாசை வருது, மலையனூர்ல நம்ம செட்டுதான். மாதா கோயிலுக்கும் இதே கொழா, அங்காளம்மனுக்கும் இதே கொழா. ரெண்டு பேரும் இதுவரைக்கும் கோச்சிக்கல."

அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பற்றிக் கேட்டாள். ஏழாவது விமானம் வந்ததா, இல்லையா?

பிரான்சிஸ் ஒயரைக் கீழே வைத்தார்.

"வரல அண்ணி."

"நான் பாத்தேனே."

"பாத்தீங்க. பாக்காம இன்னா. கொட்டா பூரா பாத்துச்சி." அவர் முகத்தில் ஒரு பழைய சிரிப்பு வந்து போனது. "திண்டிவனத்துக் கொட்டாயும் விழுப்புரத்துக் கொட்டாயும் ஒரே மொதலாளி. ரெண்டுக்கும் சேத்து ஒரே பிரிண்ட்டுதான் எடுப்பாரு. அங்க சீக்கிரமா ஆரம்பிச்சுடுவாங்க. ஓடி முடிஞ்ச பிலிம் பெட்டிய ஒண்ணு ஒண்ணா பஸ்ல தூக்கிக்கினு வந்து இங்க ஓட்டணும். அன்னைக்கு நடுப்பெட்டி என் கையில. விக்கிரவாண்டிகிட்ட பஸ்ஸு படுத்துக்கிச்சி. கடைசிப் பெட்டி வெச்சிருந்தவன் பின்னாடி பஸ்ல வந்தான், எனக்கு டாட்டா காட்டிக்கினு தாண்டிப் போய்ட்டான்."

"அப்புறம்?"

"இங்க ஜனம் நாற்காலிய ஒதைக்குது. மேனேஜருக்கு ஒரே பேஜாரு. இங்கிலீஷ் படந்தானே, எவனுக்குத் தெரியப் போவுது, கைல இருக்கிறத ஓட்டுன்னுட்டாரு. முடிவு ஓடிச்சி. எழுத்து வந்ததும் இண்டர்வல்னு லைட்டப் போட்டாங்க."

"மல்லாட்டை வாங்கியாந்தாரு," என்றாள் சவுரியம்மாள். அது அவளுக்குச் சுத்தமாக நினைவிருந்தது. சூடான வேர்க்கடலைப் பொட்டலம்.

"அதுக்குள்ள நான் ஓடியாந்துட்டேன். என் பெட்டி ஏறிச்சி. செத்தவன் எறங்கி வந்து முட்டை தின்னான். அப்படி ஒரு கைதட்டு எந்தத் தமிழ்ப் படத்துக்கும் நான் கேட்டதில்ல."

வெளியே ஒரு ஷேர் ஆட்டோ ஆள் கூப்பிட்டுக்கொண்டு நின்றது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள். அவள் மனசுக்கு ஒண்டிக்கொள்ள ஒரு சின்ன இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

"அப்போ அவரும் ஏழும் வந்துச்சின்னு நம்பிக்கினுதான் போனாரு. நான் சொன்னது அவருக்குப் பொய்யாத் தெரிஞ்சிருக்காது. இல்லியா பிரான்சிசு?"

பிரான்சிஸ் ஒயரை மறுபடி எடுத்தார். ஏற்கெனவே பிரித்த முடிச்சையே பிரிக்கப் பார்த்தார்.

"சொல்லாதன்னு சொல்லியிருந்தாரு அண்ணி. இனிமே இன்னா." ஒயரை ஓரமாக வைத்தார். "அடுத்த வாரமும் திண்டிவனத்துல அந்தப் படம் ஓடிச்சி. அண்ணன் ஒண்டியா வந்து பாத்தாரு. அங்க எல்லாப் பெட்டியும் வரிசையா ஓடும் இல்லியா. வெளிய வந்து, பெட்டிக்காக நின்னுக்கினு இருந்த என் தோளப் புடிச்சாரு. டேய், அவன் வரலயேடான்னாரு. நடந்தத சொன்னேன். அப்புறம், சவுரிகிட்ட சொல்லிக்கில்லி வெக்காத, நான் போஸ்ட்டுல ஏறப் போனா அது வாசல்லயே நிக்குது, அதுக்கு ஏழும் வந்ததாவே இருக்கட்டும்னாரு."

சவுரியம்மாள் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"தெரிஞ்சிக்கினேதான் தலையாட்டினாரா?"

எந்தத் தலையாட்டல் என்று பிரான்சிசுக்குத் தெரியாது. ஆனாலும், "ஆமா அண்ணி," என்றார். "டீ சொல்லட்டுமா?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எந்த இடத்தில் பஸ் படுத்திருக்கும் என்று விக்கிரவாண்டி தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். ரோடு இப்போது வேறு மாதிரி இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. வர மாட்டோம் என்று தெரிந்தா சிரித்தார்? இல்லை, புயல் நாட்களில் சொன்னதைப் போலவே, வருவோமோ மாட்டோமோ, இவள் வாசலில் நிற்கிறாளே என்று சிரித்தாரா? கோபப்படலாம் என்று பார்த்தாள். யார்மேல் என்று தெரியவில்லை. அவள் அவருக்குச் சொன்ன தைரியம் அவர் அவளுக்குக் கொடுத்து வைத்திருந்ததுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தப் படத்தப் போடு," என்றாள்.

"மறுபடியுமா? சாப்ட்டியா மொதல்ல?"

"போடு. கடைசியிலேர்ந்து."

இசைவாணி போட்டாள். விமானம் கடலில் விழுந்தது. ஆறு இறங்கின. தட்டு கவிழ்ந்தது. எழுத்துகள் வந்தன.

"இப்ப அந்த நடுவுல வர்றத வை. எறங்கி வருவானே, அது."

"வரிசை தப்பும்மா. செத்ததுக்கப்புறம் எப்படி..."

"தெரியும். உங்கப்பாவுக்கும் தெரியும். நீ வை."

இசைவாணி அம்மாவை ஒரு கணம் பார்த்துவிட்டு ரிமோட்டை அழுத்தினாள். ஏழு விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசி விமானத்திலிருந்து அந்தப் பையன் குதித்தான், தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். அவன் அதைப் பிடித்தானா என்பதைச் சவுரியம்மாள் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிட்டானா?" என்று கேட்டாள்.

"புடிச்சிட்டாம்மா," என்றாள் இசைவாணி.