நாற்காலி போட்டுச் சொல்ல வேண்டிய சேதி

1

இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டுச் சன்னல் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். அவர்கள் சன்னலைச் சாத்தவில்லை. சவுலோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். ஆறு வயது மகள் இடாய்ராவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துபோயிற்று, அவன் மனைவி ஃபாய்னாவைத் தவிர. (தெருவுக்கு யார் சொன்னார்கள் என்பது கதைக்குத் தேவையில்லை.)

2

முதல் தொடக்கம்: “மலைச்சரிவில் ஃபாய்னா ஓடி வந்தா—” அடித்துவிட்டேன். அவள் ஓடக்கூடாது.

இரண்டாவது: “திடீரென்று—” அதுவும் கூடாது.

ஸ்பெயினைச் சேர்ந்த எங்கள் கேனரித் தீவில் சில குடும்பங்களுக்கு வழிவழியாக வரும் கோளாறு இது. இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் கால்சியத்துக்கு ஒரு கிடங்கு உண்டு. துடிப்புக்கு ஒருமுறை கதவு திறந்து கொஞ்சம் வெளியே விடும், பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபாய்னாவுக்கு அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. ஓடினாலோ பதறினாலோ கால்சியம் கசிந்து, வேளைகெட்ட வேளையில் இதயத்தைத் துடிக்கவைக்கும். மரக்கிளைகளைத் தூக்கி ஆடும் எங்கள் ஊர்த் திருவிழாவில் அவள் தங்கை ஆடியபடியே விழுந்தாள். எழவில்லை.

கதையென்றால் ஒரு திருப்பம் வேண்டும் என்கிறார்கள். வைத்தால் என் நாயகி போய்விடுவாள். என் பிழைப்பைப் பாருங்கள்.

3

அதனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: நல்லதோ கெட்டதோ, உட்காரவைத்துத்தான் சொல்வார்கள்.*

அன்று சாயங்காலம் ரொட்டிக்கடை தொமித்தீலா ஃபாய்னாவைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வா கண்ணு, இப்படி உட்காரு.”

“ரொட்டி வாங்கத்தான்க்கா வந்தேன்.”

“ரொட்டி எங்க ஓடப்போகுது? கால் வலிக்கும்ல.”

“பத்தடி நடந்ததுக்கா?”

மருந்துக்கடைக்காரரும் முக்காலியை நகர்த்தினார். நானும், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், என் பிரம்பு நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். பதறாமல் இருக்கட்டும் என்று நாங்கள் செய்ததுதான் அவளைப் பதறவைத்தது. (அவளைக் கொஞ்சம் அசடாக எழுதிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை.)

ஃபாய்னா நடையைக் குறைத்தாள். நாடி பார்க்க இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். காலையில் மாத்திரை போட்டோமா? போட்டோம். போட்டோமா?

* பிறந்தநாள் கேக்கின் நிறத்தைக்கூட முந்தினநாளே சொல்லிவிடுவார்கள்.

4

“எதுக்கு எல்லாரும் எனக்கு நாற்காலி போடுறாங்க?”

“யாரு போட்டா?” என்றான் சவுலோ.

“நீயுந்தான். காலால இழுக்குற பாரு.”

“உட்காரேன், சொல்றேன்.”

“நின்னுக்கிட்டே கேக்குறேன். பிள்ளைக்கும் இருக்கா?”

முடிவு ஒன்று: இல்லை. ஆனால் ஆனந்தமும் அதே கதவைத்தான் தட்டும்.

முடிவு இரண்டு: இருக்கிறது. அவள் கை சுவரைத் தேடி— இதை நான் எழுதமாட்டேன்.

முடிவு மூன்று: இன்னும் தெரியாது என்று சவுலோ பொய் சொல்கிறான். பிள்ளைக்கு இருந்தால், நாளைக்கு மாத்திரையில்லாமல் பள்ளிக்கூடத்தில் ஓடும். இதுவும் ஆகாது.

எனக்குப் பதில் தெரியும். ஆயுளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். சவுலோவின் வாய் திறந்திருக்கிறது. அதில் வார்த்தையை நீங்கள் போடுங்கள். மெதுவாக. ஃபாய்னா கழுத்தில் விரல் வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே ஏதோ நீளமாக இருக்கிறது.