அனைத்துப் பாடங்களிலும் வெற்றி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான். ஆனால் 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் பேனா என் பக்கமே சாய்கிறது, எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதனால் அவனுக்கு மலையாண்டி என்று பெயர் வைத்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். பரவை காய்கறி மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவன். நாற்பத்தோராவது வயதில், சுமைக்காரர் சங்கம் நடத்திய மாலை வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவன். அவன் மகள் தமிழ்வாணி, பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம்.

முதல் வரியை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

மலையாண்டியின் மகள் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்கா—

(வேண்டாம். எல்லா அப்பனும் இப்படித்தான் ஆரம்பிப்பான்.)

அன்று மார்க்கெட்டில் நல்ல மழை—

(மழை பெய்யவே இல்லை.)

2

மகளைப் பற்றி எழுதும்போதுதான் கை நிற்கிறது. மூட்டையைப் பற்றிக் கேளுங்கள், பத்துப் பக்கம் எழுதுவேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சத்தம்தான். "இன்ட் ஐ ஈக்குவல் டு ஜீரோ, செமிகோலன்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். தமிழ் மீடியத்தில் அப்படி ஒப்பித்துத்தான் பத்தாவதில் ஐநூறுக்கு நானூற்று எழுபத்தொன்று வாங்கினாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. புரோகிராமை நோட்டில் எழுதி வரி வரியாக மனப்பாடம் பண்ணினாள். அந்தச் சத்தம் கேட்டால் மலையாண்டிக்குத் தோள்வலி தெரியாது.

"சத்தமாப் படி தாயி, மறக்காது" என்பான்.

பரீட்சையில் புரோகிராமைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தார்கள். மனப்பாடம் பண்ணியது அத்தனையும் மனதில் இருந்தது. கேட்டது அதில் இல்லை.

(இது அவள் பின்னால் சொன்னது, நான் பின்னால் சேர்த்தது. முன்னால் வந்துவிட்டது. எனக்கு மூட்டைதான் ஒழுங்காக அடுக்க வரும்.)

3

கல்லூரியிலிருந்து பெற்றோர் போனுக்கு மார்க் வரும். இங்கிலீஷில் வந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்பது தமிழ்வாணிக்குத் தெரியும். எடைமேடைப் பக்கத்திலேயே காலம் தள்ளியவனுக்கு எண் வரும் என்பதை அவள் நினைக்கவில்லை. ஆறு எண்கள். 52, 19, 28, 61, 31, 23. பாஸுக்கு ஐம்பது வேண்டும் என்று முதல் வருடம் அவளே சொல்லியிருந்தாள்.

தக்காளி லாரிக்குப் பின்னால் நின்று மூன்று தடவை பார்த்தான். கூட மூட்டை தூக்கும் பீர் முகமது டீ கிளாஸோடு வந்தான்.

"என்ன மாப்ள, போனை மொறைச்சுக்கிட்டு நிக்கிற?"

"காலேஜ்ல இருந்து மார்க்கு வந்திருக்கு."

"நம்ம புள்ளைக்கா? எம்புட்டாம்?"

மலையாண்டி (இங்கே 'நான்' என்று எழுதி அடித்தேன்) சொன்னான்:

"எல்லாம் பாஸ்."

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை.

"ஏய் அழகுமலை!" பீர் முகமது போட்ட சத்தத்தில் லாரி மேலே நின்றவன் திரும்பினான். "மாப்ள மக அத்தன பாடமும் பாஸாம்டா! இவன் பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிரும். இவனுக்குப் பொறந்தது கம்ப்யூட்டர படிச்சுப்புட்டு நிக்கிது!"

மூன்றாம் நாள், மார்க்கெட் வாசலில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே பிளக்ஸ் ஏறிவிட்டது. 'அனைத்துப் பாடங்களிலும் வெற்றி பெற்ற எங்கள் கம்ப்யூட்டர் புயலே!' நடுவில் தமிழ்வாணி. கீழே வட்ட வட்டமாகப் பதினோரு சுமைக்காரர்கள் முகம். மலையாண்டிக்குப் பெரிய வட்டம்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள்.

"யாருப்பா சொன்னா, எல்லாம் பாஸுன்னு?"

"பயலுக ஆசப்பட்டுச் செஞ்சுட்டாய்ங்க தாயி."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மெசேஜை யாரோ தப்பாகப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா நம்பிவிட்டார், உண்மையைச் சொன்னால் தாங்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்பன் அவளை அப்படியே நினைக்க விட்டான்.

4

என் எழுத்தில் பிழை நிறைய இருக்கும். நோட்டை டிவி மேல் வைத்தால் தமிழ்வாணி பென்சிலால் திருத்தி வைப்பாள். மேலே உள்ள மூன்று பகுதியையும் அப்படித்தான் வைத்தேன். வாயால் சொல்ல முடியாததை அவள் கண்ணில் பட வைத்தேன். (கோழை என்று நீங்கள் நினைத்தால், சரிதான்.)

முதல் பகுதியில் ஒன்பது இடத்தில் பென்சில். இரண்டாவதில் பதினான்கு. மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை. அதில் பிழை இல்லாமல் இல்லை.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"எப்பப்பா தெரியும் ஒனக்கு?"

"அன்னைக்கே."

"நாப்பது நாளா அந்தப் போர்டுக்குக் கீழ நின்னு பஸ் ஏறுறேன். பூக்கார அக்கா காசு வாங்காமப் பூ குடுக்குது. பீர் மாமா 'புயலு வருது, வழி விடுங்கடா'ங்கிறாரு. ஒன்னைய ஏமாத்துறேன்னு நெனச்சு எனக்குச் சோறு எறங்கலப்பா."

மலையாண்டி தரையைப் பார்த்தான்.

"ஃபெயிலானதுகூடப் பரவால்ல. சொல்லி அழக்கூட விடலையே நீ."

(இங்கே அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும். நடுவழியில் இறக்கிய மூட்டையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது, இன்னொரு கை வேண்டும் என்று ஒரு பதில் எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

5

மறுநாள் டீக்கடையில், எல்லோரும் இருக்கும்போது மலையாண்டி சொன்னான்.

"நான் பொய் சொல்லிட்டேன். புள்ள நாலு பாடத்துல ஃபெயில்."

யாரும் கிளாஸை வாயில் வைக்கவில்லை. பீர் முகமதுதான் முதலில் எழுந்தான்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மாப்ள. அந்தப் போர்டுல எம்மூஞ்சி கோணலா விழுந்திருக்கு. ஏணிய எடு, எறக்கிருவோம்."

மார்க்கெட்டில் பிளக்ஸை யாரும் வீணாக்க மாட்டார்கள். மத்தியானம் அது முட்டைக்கோஸ் மூட்டைகள் மேல் வெயிலுக்குப் போர்த்திக் கிடந்தது. மகள் முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மலையாண்டி கயிற்றை அவிழ்த்து, அதைக் குப்புறத் திருப்பிப் போட்டுக் கட்டினான்.

6

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் நாலு பாடமும் எழுதிப் பாஸாகிறாள். ஒன்றில் படிப்பை விட்டுவிட்டு மாசி வீதி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மூன்றாவதில்—

(அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஒரு அப்பன் அதை எழுதியதே தப்பு.)

நடந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை அரியர் பரீட்சை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கல்லூரி லேபில் உட்கார்ந்து புரோகிராமைத் தானாகப் போட்டுப் பார்க்கிறாள். திரையில் தப்பு என்று வருகிறதாம். மறுபடி போடுகிறாளாம்.

"வருதா தாயி?" என்று நேற்றுக் கேட்டேன். (மலையாண்டி கேட்டதாக மாற்றப் போவதில்லை.)

"வரலப்பா" என்றாள்.

வரவில்லை என்பதை என்னிடம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

வியாழக்கிழமைக்கு அப்புறம் உள்ளதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாசத்தில் அவளைப் பாஸாக்கிவிடாதீர்கள். ஒரு தடவை நான் ஆக்கிவிட்டேன்.