ஓசூரா, நொய்டாவா

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேதாந்தம் சார் என் மேஜைக்கே வந்துவிட்டார். "அந்த மொபைல் ஃபேக்டரி ஃபைல் நாலு நாளா உங்கிட்டயே தூங்குதேம்மா. ஜல்தி, ஜல்தி."

தூங்கவில்லை, நான்தான் தாலாட்டிக்கொண்டிருந்தேன். மானியம் கேட்டிருந்த கம்பெனி இரண்டு இடம் சொல்லியிருந்தது: ஓசூர், நொய்டா. எது தோது என்று ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுவது டெல்லி அமைச்சகத்தில் என் வேலை. என் வீட்டுக்காரர் சாய்ராம் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் அதே கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தப்புதான். ஃபைல் என்னிடம் இருப்பதை அவரிடமும் சொல்லவில்லை. புது ஃபேக்டரி எங்கே வருகிறதோ அங்கே அவரை அனுப்புவார்கள். நொய்டா என்றால் கோல் மார்க்கெட்டில் என் குவார்ட்டர்ஸிலிருந்து மெட்ரோவில் போய் வரலாம். எனக்கோ டெல்லியை விட்டு மாற்றலே கிடையாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்களில்தான். தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன அட்டவணை! உதிரிபாகம் செய்கிறவர்கள், துறைமுகத்துக்கு உள்ள தூரம், வேலை பழகின பெண்கள், எந்தக் கட்டத்தை நிரப்பினாலும் ஓசூர்தான் முன்னால் நின்றது. 'விளக்கம் தேவை' என்று ஒரு வரி எழுதித் திருப்பினால் ஃபைல் ஆறு மாதம் ஊர் சுற்றும், அதற்குள் எதுவும் மாறலாம். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அந்த வரியை டைப் அடித்தேன். மூவாயிரம் பேருக்கு வேலை என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அழித்தேன். 'ஓசூர் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன்.

ஆறரை மணிக்கு, காய்கறிப் பையோடு படியேறும்போது சாய்ராம் வீடியோவில் வந்தார். மே மாத வெக்கையில் கழுத்துவரை நீல ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, முகமெல்லாம் வேர்வை.

"என்னங்க இது கோலம்?"

"சீசன் இல்லாததால பாதி விலைக்குக் குடுத்தான், விஜி. டெல்லி குளிரு தாங்கணும்ல? நொய்டாதான்னு ஃபேக்டரி லைன்ல எல்லாரும் பேசிக்கிறாங்க. அளவு சரியா இருக்கா?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். "தோள் கொஞ்சம் பெருசு. திரும்புங்க, பின்னாடி பாக்கறேன்."

அவர் ஃபேனுக்கு அடியில் மெல்லத் திரும்பி நின்றார். காலரில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.