மஞ்சள் வராத தண்ணீர்

என் மாமனார் வாழ்நாள் முழுக்கக் கிருமிகளோடு சண்டை போட்டவர். தண்ணீர் இலாகாவில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரே குடிக்கும் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் சரியான அளவு கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. வேலை செய்த இடத்தில் அவருக்குப் பவுடர்காரர் என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் யாராவது குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. யாரோ விஷம் குடிப்பது போலப் பதறுவார்.

நான் அவருடைய மருமகள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோழிப் பண்ணை என் பொறுப்பு. என் கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வருவார், துணியைத் துவைக்கப் போடுவார், அது காய்வதற்குள் கிளம்பிவிடுவார். எங்கள் மகள் அவரை வீட்டில் பார்த்ததை விட போனில் பார்த்ததுதான் அதிகம். "அப்பாவுக்கு உடம்பே கிடையாதா, தலை மட்டும்தானா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன்.

போன தடவை இறக்கிய குஞ்சுகளை, மொத்த பேட்சையும், ரத்தக் கழிச்சல் அடித்துக்கொண்டு போனது. குஞ்சுகளின் குடலில் குடியேறும் ஒட்டுண்ணி அது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோழியின் எச்சத்திலிருந்து தரையில் பரப்பியிருக்கும் மரத்தூளுக்கு வரும், அங்கிருந்து இன்னொரு கோழியின் வாய்க்குப் போகும். எச்சத்தில் ரத்தம் தெரிகிற நேரத்தில் பாதிக் கொட்டகை இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருக்கும். தீவனத்தோடு கலந்து வரும் மருந்துக்கு அந்த ஒட்டுண்ணி பழகிவிட்டதாகக் கால்நடை டாக்டர் சொன்னார். டாக்டரம்மா கறாரான ஆள். வேண்டாத வார்த்தை ஒன்று பேசமாட்டார், வேண்டியதையும் யோசித்துத்தான் பேசுவார்.

அந்த நஷ்டத்துக்கு அப்புறம் கொட்டகையை மூடிவிடலாம் என்றுதான் என் கணவர் சொன்னார். நான் விடவில்லை. இன்னும் ஒரே ஒரு பேட்ச் என்று மன்றாடினேன். அவரும் இறங்கி வந்தார். "இந்த பேட்ச் தேறட்டும். லாரிச் சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன், ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். தேறலன்னா மூடிடணும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது." நான் சரி என்றேன். மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்பதை நான் கவனித்தேன்.

இந்த முறை டாக்டரம்மா புது வழி சொன்னார். குஞ்சுகள் வந்து இறங்கிய நாளிலிருந்தே தண்ணீரில் புரோபயாடிக் கலந்து கொடுக்க வேண்டும். அதுவும் கிருமிதான், ஆனால் நல்ல கிருமி. குடலில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டால் குடல் பலப்படும், ஒட்டுண்ணி வந்தாலும் ஆட்டம் போட முடியாது. இது மருந்து இல்லை, காவல் மட்டும்தான் என்று அழுத்திச் சொன்னார். மரத்தூள் ஈரமாகாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான். கடைசியாக ஒரு விஷயம்: அது உயிருள்ள சரக்கு, அதனால் கோழிகளுக்குக் கொடுக்கும் தண்ணீரில் குளோரின் வாடையே இருக்கக் கூடாது. எங்களுடையது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் யார் குளோரின் போடப் போகிறார்கள் என்று நான் தலையாட்டினேன்.

தினமும் காலையில் கொட்டகையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, ஏணியில் ஏறிக் கோழிகளுக்கான கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் பாக்கெட்டைப் பிரித்துக் கலக்குவேன். மரத்தூளைக் கிளறுவேன், ஈரம் கண்ட இடத்தை அள்ளிக் கொட்டுவேன். குனிந்தபடியே எச்சத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி. மற்ற பெண்கள் கடைத்தெருவில் புடவையைக் கூட அவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டார்கள்.

அப்படியும் ஒரு காலையில் அது தெரிந்தது. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில், சளி கலந்த எச்சம். நாலடி தள்ளி இன்னொன்று. அதன் ஓரத்தில் சிவப்பு இழை. பக்கத்திலேயே ஒரு கோழி செத்துக் கிடந்தது. கணவருக்குப் போன் போடவில்லை. போட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

டாக்டரம்மாவுக்குத்தான் போட்டேன், உடனே வந்தார். செத்த கோழியைப் பலகையில் வைத்துக் குடலை நீளவாக்கில் திறந்து காட்டினார். உள்ளே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். ஆரம்பம்தான், பிடித்துவிடலாம் என்றார். ஆனால் புரோபயாடிக் ஒழுங்காகக் கொடுத்த கொட்டகையில் இத்தனை சீக்கிரம் இவ்வளவு புள்ளிகள் இருப்பது அவருக்குப் பிடிபடவில்லை. பாக்கெட்டின் தேதியைப் பார்த்தார், வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யோசித்துக்கொண்டே போய்த் தொட்டிக் குழாயில் கையைக் கழுவினார். கழுவிய கையை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"இது என்ன, நீச்சல் குளத்து வாசனை அடிக்குது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாள் முழுக்கக் கோழி நாற்றத்தில் கிடக்கிற என் மூக்குக்கு வேறு எந்த வாசனையும் எட்டுவதில்லை. ஆனால் கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமனார் முகம் மலர்ந்தது. ஒருத்தராவது கண்டுபிடித்தார்களே என்ற பெருமை. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க. குஞ்சு வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் தவறல."

டாக்டரம்மா அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் நான் கொட்டகைக்குள் நுழையும் நேரம் பார்த்து, மாமனார் வலிக்கிற முழங்காலோடு ஏணியில் ஏறித் தொட்டியில் பவுடர் போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. ஏணியைத் தொட்டால் நான் வீட்டையே இரண்டாக்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். போன வருஷம் வழுக்கி விழுந்ததற்குப் பிறகு ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். அவர் போய்ப் பவுடர் போட்டு இறங்குவார், அவர் இறங்கியதும் நான் போய் நல்ல கிருமியைக் கலப்பேன். தினமும் இதே கூத்து. மாமனாரும் மருமகளும் ஒரே தொட்டியில் யுத்தம் நடத்தியிருக்கிறோம், இரண்டு பேருக்கும் தெரியாமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறமும் அடக்க முடியவில்லை.

"மாமா, நான் அதுல உயிரோட இருக்கிற கிருமியைக் கலக்கிக் குடுக்கிறேன். நீங்க தினமும் அதைக் கொன்னுட்டிருந்திருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார். நான் புத்தி பேதலித்துப் பேசுகிறேனா என்று அவரிடம் கேட்பது போல இருந்தது.

"கிருமியக் கலக்குறியா? கடைக்குப் போய், வாங்கிட்டு வந்தா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். பொறுமையாக எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினார். கேட்கக் கேட்க மாமனாரின் முகம் சுருங்கியது. கடைசியில் என் பக்கம் திரும்பாமலே, தொட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எதுவும் கெட்டுடக் கூடாதுன்னுதாம்மா போட்டேன். இந்தத் தடவையாவது அவன் வீட்டுக்கு வரணும்ல."

என் கோபம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் எதற்காகக் குனிந்து குனிந்து நடந்தேனோ, அதற்காகத்தான் அவரும் ஏணி ஏறியிருக்கிறார். இதற்கு மேல் நான் யாரைத் திட்டுவது?

டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்தார். முதலில் அதைக் கொடுத்து ஒட்டுண்ணியை அடக்க வேண்டும், தொட்டியையும் குழாய்களையும் நன்றாக அலசிவிட வேண்டும், அதன் பிறகு புரோபயாடிக்கைத் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்து இன்னொரு கோழியைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னார். பேட்ச் தேறுமா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும் என்றார்.

மருந்து முடிந்த மறுநாள் காலையில் மாமனார் ஒரு சின்னப் பெட்டியோடு கொட்டகைக்கு வந்தார். வேலையில் இருந்தபோது அவர் கையோடு வைத்திருந்த பெட்டி. உள்ளே கண்ணாடிக் குழல்கள், ஒரு சொட்டு மருந்துப் புட்டி. தண்ணீரில் குளோரின் இருந்தால் சொட்டு விட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சள் வரவில்லை என்றால் அந்தக் காலத்தில் அவருக்குச் சோறு இறங்காது. இப்போது கீழேயிருந்த குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிறம் மாறவில்லை. "கலக்கிக்கோம்மா" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நம்பியதை ஒரு வாரத்தில் விட்டுவிட முடியுமா என்ன?

அன்றிலிருந்து அவர் பார்த்துச் சொல்லாமல் நான் பாக்கெட்டைப் பிரிப்பதில்லை. மூலையில் ஒடுங்கியிருந்த கோழிகள் ஒவ்வொன்றாக எழுந்து தீவனத்துக்கு வந்தன. ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு, இறகு படிந்து, வாய் ஓயாமல். அந்த இரைச்சலைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதே. குடலைத் திறந்து பார்க்கும் வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சொன்னபடி டாக்டரம்மா வந்தார். ஒரு கோழியைத் தேர்ந்தெடுத்து அறுத்தார். பலகையில் வைத்துக் குடலைத் திறந்தார். மாமனார் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, டாக்டரம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். அவர் கத்தரிக்கோலின் நுனியால் குடலை மெல்ல விரித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசி வரை போனார்.

"ஒரு புள்ளி கூட இல்ல. இனிமே பயப்படாதீங்க."

அந்த மனுஷி சும்மா வார்த்தையை விடுகிறவர் இல்லை. அதனாலேயே என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்து அழுதேன். மாமனார் என்ன செய்வதென்று தெரியாமல் கையில் இருந்த கண்ணாடிக் குழலை என்னிடம் நீட்டினார், குடிக்கச் சொல்வது போல. அதைப் பார்த்ததும் அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

கணவருக்குப் போன் போட்டேன். நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், பவுடர் கதை உட்பட. அந்தப் பக்கம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டார் போல. "பேட்ச் போகட்டும், சாவியைக் குடுத்துட்டு வரேன்" என்றார்.

கோழிகள் நல்ல எடையில் போன பிறகு, ஒரு மத்தியானம் அவர் பையோடு வந்து நின்றார். மகள் அவரைச் சுற்றி வந்து காலில் இருந்து தலை வரைக்கும் பார்த்தாள். முழுசாகத்தான் இருக்கிறார் என்று திருப்திப்பட்டுக்கொண்டு முதுகில் ஏறினாள். வெயிலில் வந்த மனுஷர், நேரே கொட்டகைக் குழாய்க்குப் போய்க் கையைக் குவித்துத் தண்ணீர் பிடித்தார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மாமனார் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார். முழங்கால் வலியோடு அவர் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அது கோழித் தண்ணி. உள்ள வா, உனக்கு நான் தனியா வச்சிருக்கேன்."

உள்ளே போய்ப் பெரிய தம்ளர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பவுடர் வாசனை எனக்கே அடித்தது. என் கணவர் முகத்தைச் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார், இன்னொரு தம்ளர் கேட்டார்.